பனியே விழாத தீவுக்குப் பனி வாரும் வண்டி

எங்கள் தொலைபேசிப் புத்தகத்தில் எல்லாரும் இருக்கிறோம். ஆனால் அது எவரையும் காட்டிக்கொடுக்காது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நடுக்கடலில் கிடக்கும் நார்ஃபோக் தீவில் இரண்டாயிரம் பேர் வாழ்கிறோம். எங்களுக்கு வாய்த்த பழைய குடும்பப் பெயர்களோ பத்துப் பன்னிரண்டைத் தாண்டா. குயின்டல் என்று தேடினால் குயின்டல்கள் வரிசை கட்டி நிற்பார்கள். எவன்ஸ் என்று தேடினால் எவன்ஸ்கள் முண்டியடிப்பார்கள். ஆகவே ஊர் வைத்த பட்டப்பெயரையே அச்சில் ஏற்றிவிட்டோம். உட்கார்ந்த நாற்காலியை விட்டு அசையாத புரூக் எவன்ஸ் அதில் ‘நங்கூரம்’. தட்டினாலொழியத் திறக்காத வாயுடைய வாட்லி யங் அதில் ‘கதவு’. கிளப்பின் வைஃபையைப் பராமரிக்கிற லிண்ட்லி நாப்ஸாகிய நான் ‘பாஸ்வேர்ட்’. தீவுக்காரனுக்கு அந்தப் புத்தகம் கண்ணாடி. வெளியூர்க்காரனுக்கு அதுவே சுவர்.

லெனோரா குயின்டல் அதில் ‘கெட்டில்’. அறுபத்து மூன்று வயது. இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் வானொலியின் காலைக் குரல் அவருடையதுதான். மெல்லத் தொடங்கும், நியாயம் அநியாயம் என்று ஏதாவது அகப்பட்டுவிட்டால் கொதிக்கும், கடைசியில் விசிலடிக்கும். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் கெட்டில் ஆண்ட்டி. ஏழு மணிக்கு வந்து வணக்கம் சொல்லி, விமானம் வருமா வராதா, எந்தச் சாலையில் எவருடைய மாடு படுத்திருக்கிறது என்பதையெல்லாம் அறிவித்து, பிறகு ‘இன்றைய பணிகள்’ என்று ஒரு பட்டியல் வாசிப்பார். இங்கே ஆளுக்கு மூன்று வேலை உண்டு. நானே மின்கம்பி இழுக்கிறேன், விமான நிலையத்துத் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறேன், வைஃபை பார்க்கிறேன். எந்த நேரத்தில் எவர் எந்த வேலையில் இருக்கிறார் என்பதை ஆண்ட்டியின் பட்டியலைக் கேட்டுத்தான் அவரவர் மனைவிமாரே தெரிந்துகொள்வார்கள்.

ஆண்டுக்கொரு முறை, ஜூன் எட்டாம் நாள், பவுன்டி நாள். பவுன்டி கப்பல் கலகக்காரர்களின் வழிவந்த எங்கள் முன்னோர் இத்தீவில் கால் வைத்த நாள். வெள்ளையுடுத்து, தொப்பி அணிந்து, கிங்ஸ்டன் படகுத்துறையிலிருந்து ஊரே ஊர்வலமாகப் போகும். அதைத் துறையில் நின்றே நேரடியாக ஒலிபரப்புவது கெட்டில் ஆண்ட்டியின் பணி. பணி என்பதைவிட, உரிமை.

அந்த உரிமைக்கு மே மாதத்தில் ஆபத்து வந்தது. ஒரு விளம்பரத்தின் வடிவில் வந்தது.

கிளப்பில் மீன் வறுவல் போடுகிற வெள்ளிக்கிழமை அது. மாலை வெயில் பைன் மரங்களுக்கிடையே இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு இணைப்பு ஊர்ந்து போகிறது என்பதால் எல்லாரும் கிளப் வைஃபையில்தான் செய்தி பார்ப்பார்கள், வானிலை பார்ப்பார்கள், ஆக்லாந்திலுள்ள மகளின் முகம் பார்ப்பார்கள். அன்று எவர் எதைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரே பெட்டி துள்ளியது.

‘நார்ஃபோக் தீவில் வசிக்கிறீர்களா? அறுபதைத் தாண்டிவிட்டீர்களா? தொப்பிக்குள் மறையும் காதுக் கருவி, இப்போது உங்கள் வாசலுக்கே.’

நங்கூரம் தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதைச் சத்தமாக வாசித்தார்.

“இது என்னடா, நம்ம ஊர்ப் பேரைப் போட்டுக் கூப்பிடுறான். யாருக்குடா காது போச்சு?”

“எனக்கும் அதேதான் வருது,” என்றாள் சமையற்கட்டிலிருந்து ஒருத்தி. “எனக்கு முப்பத்தி நாலு வயசு.”

“வயசை இவ்வளவு சத்தமாச் சொன்னா காது போனவனுக்கும் கேக்கும்,” என்றார் நங்கூரம்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே விளக்கமும் சொல்லித் தொலைத்தேன்; அதுதான் நான் செய்த பிழை. இணையத்தின் கண்ணுக்கு இந்தக் கிளப் முழுவதும் ஒரே வீடு. உள்ளே ஒருவர் எதையாவது தேடினால், அந்த வீட்டிலுள்ள எல்லாருக்கும் அதையே காட்டுவார்கள். ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, இடம் மட்டும் தெரியும் என்றேன். பெருநகரத்தில் அப்படிச் சொன்னால் மக்கள் நிம்மதியடைவார்கள். ஐம்பது லட்சம் பேரில் ஒருவர் என்றால் எவரும் தேட மாட்டார். எங்கள் தீவில் அறுபதைத் தாண்டி, தொப்பி போட்டு, கிளப்புக்கு வந்து, கைப்பேசியும் வைத்திருப்பவர்கள் எண்பது பேர். எண்பது பேரையும் எங்களுக்குத் தெரியும். இடத்தைச் சொல்லிவிட்டால் பாதிப் பெயரைச் சொன்ன மாதிரி.

அடுத்த வாரம் முழுவதும் தீவு முணுமுணுத்தது. ஒருவர் பின்னால் ஒருவர் போய் நின்று, மெல்லிய குரலில் எதையாவது சொல்லிச் சோதித்தார்கள். ரொட்டிக் கடையில் கதவின் முதுகுக்குப் பின்னால் நின்று, “அண்ணே, உங்க லாரி பத்திக்கிட்டு எரியுது,” என்று ஒருவன் கிசுகிசுத்தான். கதவு திரும்பவில்லை. தேங்காய் ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைக்குள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது: காது போனவர் கதவு. சாலையில் எதிர்ப்பட்டவர்கள் வழக்கமான ஒற்றை விரல் வணக்கத்துக்குப் பதில் இரண்டு கையையும் ஆட்டினார்கள். பார்வை போனவருக்கும் காது போனவருக்கும் வித்தியாசம் தெரியாத அன்பு அது.

சனிக்கிழமை காலை கெட்டில் ஆண்ட்டி என் பட்டறைக்கு வந்தார். வந்தவர் வழக்கமாக உட்காரும் பெட்டியில் உட்காராமல், மறுபக்கம் சுற்றி வந்து என் இடப்புறம் உட்கார்ந்தார்.

“பாஸ்வேர்ட், ஒண்ணு கேக்கறேன். நான் கிளப்புல உக்காந்து, யார் கண்ணுலயும் படாம, சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டு ஒரு விஷயம் தேடினேன். அது எப்படிடா ஊர் முழுக்க வந்துச்சு?”

“ஆண்ட்டி, நீங்களா?”

“இடது காது. மூணு மாசமா அந்தப் பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. பிரிஸ்பேன் போனப்ப டாக்டர்கிட்டக் காட்டினேன், கருவி சொல்லியாச்சு, வர நாளாகும். பவுன்டி நாள் தொப்பிக்குக் கீழே அது உறுத்துமா உறுத்தாதான்னுதான் தேடினேன். வேறொண்ணும் இல்ல.”

“அதுக்கென்ன, சொல்லிட வேண்டியதுதானே.”

“சொல்லத்தான் போறேன். கருவி வந்து, மாட்டி, எனக்கே பழகின பிறகு, நானா சொல்வேன். வர்ற வியாழக்கிழமை வானொலிக் கமிட்டி கூடுது. துறையில யார் பேசறதுன்னு முடிவு பண்ணுவாங்க. இப்பத் தெரிஞ்சா நங்கூரம் என்ன செய்வான் தெரியுமா? ‘பாவம் கெட்டில், ஓய்வெடுக்கட்டும்’னுவான். நாற்காலி கொண்டாந்து போடுவாங்க. போர்வை போத்துவாங்க. தேங்காய் ரொட்டியக் கொடுத்து ஓரமா உக்கார வைப்பாங்க. என்னை யாரும் திட்டி நிறுத்த முடியாதுடா. பாவம் பார்த்தே நிறுத்திடுவாங்க.”

“நம்ம ஊர்ல ரகசியம்னு ஒண்ணு இருந்ததே இல்லையே ஆண்ட்டி. நீங்களே தினமும் மாட்டுல இருந்து மருமக வரைக்கும் வாசிக்கிறீங்க.”

அவர் முறைத்தார்.

“ஊர்ப்பேச்சு வேறடா. ஊர்க்காரன் என் முகத்தைப் பார்த்துக் கேப்பான், நான் திட்டுவேன், அவன் சிரிப்பான், சமமாப் போச்சு. இந்த விளம்பரக்காரன் கேக்காமலே எடுத்துக்கறான். திருப்பித் திட்டலாம்னா முகமே கிடையாது.”

ஆண்ட்டி போன அரைமணி நேரத்தில் நங்கூரம் வந்தார். நாற்காலியை விட்டு அசையாதவர் அசைந்து வந்திருக்கிறார் என்றாலே செய்தி பெரிது. அவர் கிளப்புக்கும் தலைவர், வானொலிக் கமிட்டிக்கும் தலைவர்.

“பாஸ்வேர்ட், அந்த வைஃபைப் பெட்டியில யார் எதைப் பார்த்தாங்கன்னு கணக்கு இருக்கும்ல?”

“எந்த போன் எந்தத் தளத்துக்குப் போச்சுன்னு பட்டியல் இருக்கு.”

“எடுத்துப் பாரு. கதவுதானான்னு உறுதி பண்ணிக்கலாம். உதவி செய்யத்தான்பா. அவன் படகுல இறங்குறவன். கூப்பிட்டாக் கேக்கலைன்னா?”

“பார்க்க மாட்டேன்.”

“கெட்டதுக்கா கேக்கறேன்?”

“நல்லதுக்குக் கேக்கறவர்கிட்ட இல்லேன்னு சொல்றதுதான் கஷ்டம். அதனாலதான் இப்பவே சொல்லிடறேன். கதவை நேராப் போய்க் கேளுங்க. உங்க போனும் அந்தப் பட்டியல்ல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

நங்கூரத்தின் முகம் ஒரு கணம் மாறியது. அவர் எதைத் தேடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். ஆனால் அன்றே அந்தப் பட்டியலை அழித்தேன். இனிச் சேராதபடி அடைத்தும் வைத்தேன். பூட்டில்லாத வீடுகளில் வாழ்கிறோம், சாவியைக் காரிலேயே விட்டுப்போகிறோம் என்பதற்காக, எவனும் உள்ளே வந்து பெட்டியைத் திறக்கலாம் என்று பொருளா? திறந்திருக்கும் கதவு நம்பிக்கையின் அடையாளம். அதைச் சம்மதத்தின் கையெழுத்தாகப் படிக்கிறவன் விருந்தாளி அல்லன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கெட்டில் கொதித்தது.

“வட்டவே யோர்லி, எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. சந்தையில வாழைத்தார் வாங்கறோம். கடைக்காரன் தாரைக் கொடுத்துட்டு, ‘இரு, நானும் பின்னாடியே வர்றேன். நீ யாரோட பேசறே, எங்க நிக்கறே, எந்த இடத்துல சொறிஞ்சுக்கறேன்னு எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கறேன், நாளைக்கு மருந்து விக்க வசதியா இருக்கும்’னு சொன்னா விடுவோமா? வாழைத்தாராலேயே அடிப்போம். போன வாரம் ஒருத்தன் நம்ம தீவுப் பேரைச் சொல்லி நம்மளைக் கூப்பிட்டான். நமக்குள்ளேயே ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வச்சான். மாடு கூட நம்ம ஊர்ல கயிறில்லாமத் திரியுது. மனுஷனுக்கு மட்டும் எதுக்குக் கயிறு? அதனால ஒரு போட்டி. நம்மளைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னுதானே ஆசைப்படறான்? தெரிஞ்சுக்கட்டும். இன்னிக்குப் பத்து மணிக்கு எல்லாரும் கிளப்புக்குப் போங்க. இந்தத் தீவுல ஒருக்காலும் தேவைப்படாத பொருளா ஒண்ணைத் தேடுங்க. யாருக்கு ரொம்பக் கோணலான விளம்பரம் வருதோ, அவங்களுக்கு என் கையால வாழைக்காயைத் துருவிச் சுட்ட பில்ஹி ஒரு தட்டு.”

பில்ஹிக்காக எங்கள் மக்கள் எதையும் செய்வார்கள். பத்து மணிக்குக் கிளப்பில் நிற்க இடமில்லை. தபால் நிலையத்தைச் சாத்திவிட்டு வந்தார்கள். ஒருத்தி ஒட்டகச் சேணம் தேடினாள். ஒருவர் சுரங்க ரயிலுக்கு மாதச் சீட்டு விசாரித்தார். இரண்டு சகோதரிகள் யானைக்கு நகச் சாயம் கேட்டார்கள். பெரும்பாலானோர் சொல்லிவைத்தாற்போல் பனி வாரும் வண்டியைத் தேடினார்கள். எங்கள் குளிர்காலத்தில் ஒரு கம்பளிச் சட்டைக்கு மேல் எவரும் போட்டதில்லை. ஒரு வாரம் இதையே செய்தோம். காதுக் கருவி விளம்பரம் காணாமற்போனது. அதன் இடத்தில், ‘நார்ஃபோக் தீவில் வசிக்கிறீர்களா? உங்கள் வாசலில் பனி குவிந்து கிடக்கிறதா?’ என்று சிவப்பு வண்டியொன்று ஓடியது. கதவை மறந்தார்கள். அவரைப் பார்த்து மறுபடியும் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்கள்.

ஆண்ட்டி என் காதருகே வந்து, “தப்பிச்சேன்டா,” என்றார். கமிட்டிக் கூட்டத்தையும் நங்கூரம் கால்வலியால் அடுத்த வியாழனுக்கு ஒத்திப்போட்டிருந்தார். அதுவரை இன்னும் ஐந்தே நாள் தாண்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, மைக்கின் கம்பி ஒன்று விட்டுப்போனதால் நானும் ஒலிபரப்பு அறையில் தரையில் கிடந்தேன். ‘இன்றைய பணிகள்’ பட்டியலைத் தொடங்கும் வேளை, தொலைபேசி அடித்தது. ஆண்ட்டி எப்போதும்போல் நிலையத்தின் ஒலியை வலது காதில் மாட்டியிருந்தார். எப்போதும்போல் தொலைபேசியை இடது காதில் வைத்தார். எப்போதும்போல் அழைப்பைத் தீவு முழுவதற்கும் திறந்துவிட்டார்.

“வணக்கம்மா. என் பேரு பிரிட்செட். மெயின்லேண்டுல, பனிமலைப் பக்கத்துலேர்ந்து பேசறேன். உங்க தீவுலேர்ந்து ஒரே வாரத்துல நானூறு தடவை எங்க வண்டியைப் பார்த்திருக்காங்க. வாங்கப் போறவர் யாருன்னு தெரியல. போன் புஸ்தகத்தைப் பார்த்துக் ‘கதவு’ன்னு ஒருத்தருக்கு அடிச்சேன். எடுத்தார், பேசல, வச்சுட்டார். அதான் வானொலிக்கு அடிச்சேன். சொல்லுங்கம்மா, உங்க ஊர்ல பனியெல்லாம் எப்படி?”

ஆண்ட்டி பட்டியலைப் பார்த்துக்கொண்டே முகம் மலர்ந்தார். “பணியா? அதுக்கென்னங்க குறைச்சல். ஆளுக்கு மூணு.”

“ஆளுக்கு மூணா? மூணு அடியா?”

“அடிதடியெல்லாம் இங்க கிடையாதுங்க. சிரிச்சுக்கிட்டேதான் செய்வாங்க.”

பிரிட்செட் வேறு வழியில் கேட்டுப் பார்த்தார். “காலையில எழுந்தா வாசல்ல குவிஞ்சு கிடக்குமாம்மா?”

“குவிஞ்சுதான் கிடக்கும். என் வாசல்ல போன வருஷத்துப் பணியே இன்னும் அப்படியே கிடக்கு.”

“போன வருஷத்துப் பனியா? உருகலையா?”

“உருகாம எப்படிங்க? உருகி உருகித்தான் செய்யறோம். ஜூன் பிறந்துட்டா மூச்சு விட முடியாது.”

“அம்மா, உங்களுக்கு ஒரு வண்டி போதாது,” என்றார் பிரிட்செட், குரல் நடுங்க.

நான் தரையிலிருந்து எழுந்து, கையில் அகப்பட்ட அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தூக்கிப் பிடித்தேன். ‘வேலை அல்ல. வானத்திலிருந்து விழுகிற பனி.’

ஆண்ட்டி வாசித்தார். என்னைப் பார்த்தார். வெளியே சாலையில் ஒரு கார் நின்றிருந்தது. ஓட்டியவர் சக்கரத்தின்மேல் தலைசாய்த்துச் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். தீவு முழுவதும் இப்படித்தான் குலுங்கிக்கொண்டிருக்கும் என்று இருவருக்குமே தெரிந்தது. ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடலாம். கம்பிமேல் பழியைப் போட்டுவிடலாம். கம்பி என் கையில்தான் இருந்தது, அதை உயர்த்தியும் காட்டினேன். ஆண்ட்டி தலையசைத்து மறுத்துவிட்டு, தொலைபேசியை வலது காதுக்கு மாற்றினார்.

“பிரிட்செட் சார், கொஞ்சம் இருங்க. ஊருக்கு ஒரு விஷயம் சொல்லணும். யோர்லி, எல்லாரும் கேளுங்க, அந்தக் காதுக் கருவி எனக்குத்தான். இடது காது ஓய்வு வாங்கிடுச்சு. வலது காது ரெண்டு பேர் வேலையும் பார்க்குது. கருவி வந்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன். அது என் காது, என் நாள், என் வாய். இப்பவும் எவனும் பிடுங்கல, நானே சொல்றேன். துறையில நான்தான் பேசுவேன். நாற்காலி வேண்டாம். போர்வையும் வேண்டாம். எங்கிட்டப் பேசறவங்க வலது பக்கமா வாங்க. அவ்வளவுதான். பிரிட்செட் சார், உங்களை அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. இங்க ஆதாம் காலத்துலேர்ந்து பனி விழுந்ததில்ல. கேக்காமலே எங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கப் பார்த்தாங்களே, அவங்களுக்குச் சொன்ன பொய் அது.”

பிரிட்செட் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “எங்கிட்ட உங்க தீவுக்காரங்களைப் பத்தி நாலு பக்கம் கொடுத்திருக்காங்கம்மா,” என்றார். “ஒட்டகம் வளர்க்கறவங்கன்னு போட்டிருக்கு. இதுக்குக் காசு வேற கொடுத்தோம்.” அவரே சிரிக்கத் தொடங்கினார்.

அதன்பிறகு தொலைபேசி ஓயவில்லை. முதலில் அழைத்தவர் கதவு. வானொலியில் அவர் குரல் கேட்டது அதுவே முதல் தடவை.

“ஆண்ட்டி, எனக்குக் காது நல்லாக் கேக்கும். ஒரு வாரமா எல்லாரும் முதுகுக்குப் பின்னாடி முணுமுணுத்தது, லாரி எரியுதுன்னது, எல்லாம் கேட்டுச்சு. பதில் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் பேசல.” வைத்துவிட்டார்.

அடுத்து நங்கூரம். “கெட்டில், எங்கிட்டச் சொல்லியிருந்தா உதவியிருப்போமே.”

“உதவியிருப்பீங்க. அதான் பயந்தேன்.”

“சரி சரி. கமிட்டி இப்பவே கூடியாச்சு.”

“யார் யாரு?”

“நானும் என் கால்வலியும். நீதான் பேசறே.”

ஜூன் எட்டாம் நாள் துறையில் ஆண்ட்டி நின்றார். கருவி மறுநாள் விமானத்தில்தான் வந்தது. ஆனால் பேட்டி கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும், நங்கூரம் உட்பட, அவருடைய வலப்புறம் சுற்றிவந்து வரிசையில் நின்றதால், அவ்வாண்டு ஊர்வலமே கொஞ்சம் கோணலாகப் போனது. பிரிட்செட் அன்பளிப்பாக அனுப்பிய பனி வாரும் மண்வாரி ஒன்று முந்திய வாரமே வந்துசேர்ந்திருந்தது. அதற்கும் வேலை கிடைத்தது. ஊர்வலப் பாதையில் மாடுகள் போட்டதையெல்லாம் கதவு அதைக்கொண்டுதான் விடியற்காலையில் ஒரு சொல்லும் பேசாமல் வாரித் தள்ளினார்.

ஜூலையில் தொலைபேசிப் புத்தகத்துக்கான படிவம் வந்தது. அதில் ஒரே கேள்விதான் இருக்கும்: ‘எந்தப் பெயரில் உங்களை அச்சிட வேண்டும்?’ இந்த ஒரு கேள்வியை உலகத்து விளம்பரக்காரர்கள் கேட்கக் கற்றிருந்தால் எவ்வளவோ அழுக்கு கழுவப்பட்டிருக்கும். ஊரில் அப்போது ஆண்ட்டியை எல்லாரும் ‘பனி’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். படிவங்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த நான், ஆண்ட்டியின் படிவத்தில் பழைய பெயரே இருக்கக் கண்டு கேட்டேன்.

“புதுப் பேரைப் போடலையா ஆண்ட்டி? ஊரே கூப்பிடுதே.”

நான் தெரியாமல் இடப்புறம் நின்றிருந்தேன். அவருக்குக் கேட்டுவிட்டது. தொப்பியைச் சற்றே தூக்கி, கருவியைத் தட்டிக் காட்டினார்.

“கூப்பிடறது உங்க இஷ்டம். புஸ்தகத்துல போடறது என் இஷ்டம். கெட்டில்னே எழுது.”